பல்பா, மீட்டரா, பட்டறையா? பழைய வண்டியின் கரண்ட் கோளாறுக்கு எதை முதலில் எடுப்பது

உசிலம்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் போன வைகாசியில் போன் செய்தார். அவருடைய அப்பா விட்டுப்போன அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறதாம்.

"மச்சான், ஆன்லைன்ல நல்ல மீட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நாலாயிரம் போட்டிருக்கான். வாங்கிரவா?"

"மீட்டர் இருக்கட்டும் மாப்ள. முதல்ல ஸ்பேர்ஸ் கடைக்குப் போயி 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, ஹோல்டர் ஒண்ணு வாங்குங்க."

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். போனில் அவ்வளவையும் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோளாறைத் தேட நம் முன்னால் நாலு வழி இருக்கிறது. டெஸ்ட் பல்பு, வோல்ட்டும் ஆம்பியரும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர், சந்தேகப்படும் சாமானைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பது, பட்டறையில் கொடுப்பது. ஒயரைப் பாடியில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் ஐந்தாவது வழியும் ஊரில் உண்டு. பேட்டரிக்குப் பக்கத்தில் அதைச் செய்தால் மீசை மிஞ்சாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வரிசை இதுதான்: பல்பு முதலில், மீட்டர் அடுத்து, பட்டறை குறிப்பிட்ட சில வேலைக்கு, சாமான் மாற்றிப் பார்ப்பது இரண்டே இரண்டு பொருளுக்கு.

முப்பது நாற்பது வருஷ வண்டியில் சாமான் கெடுவதைவிட ஒயர் சேரும் மூட்டு கெடுவதுதான் அதிகம். ஸ்விட்சுக்குள் கருத்த காண்டாக்ட், எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு, ரப்பர் உறைக்குள் களிம்பேறிய செம்பு, டெர்மினலில் பூத்த உப்பு. எந்தக் கருவி மூட்டைக் காட்டிக்கொடுக்கிறதோ அதுவே பழைய வண்டிக்கு முதல் கருவி.

என்னிடம் இருப்பதும் அம்பாசிடர்தான். நாகமலை புதுக்கோட்டைக்கு வீடு மாறிய வருஷம் அதன் இடது ஹெட்லைட் மங்கிப்போனது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய மீட்டர் கையில் இருந்தது. பல்பின் பிளக்கை உருவி மீட்டர் ஒயரின் முள்ளை வைத்தேன். 12.4 வோல்ட். கரண்ட் வருகிறது, ஆக பல்புதான் போச்சு என்று புதுசு மாட்டினேன். அதே மங்கல். கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டான் என்று அவனை மனசுக்குள் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே.

செக்கானூரணி ரோட்டில் இருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு இண்டிகேட்டர் பல்பு. ஹோல்டரிலிருந்து இரண்டு நீள ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், இன்னொன்றில் கோணி ஊசி. கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவில் கவ்வவிட்டு ஊசியை அதே பிளக்கில் வைத்தார். பல்புக்குள் இழை மட்டும் சாயங்காலச் சூரியன் மாதிரி சிவந்தது, வெளிச்சமே இல்லை.

"12.4 காட்டுச்சேண்ணே" என்றேன்.

"காட்டும் தம்பி. மீட்டர் தொட்டுத்தான் பாக்கும். பல்பு இழுத்துப் பாக்கும்."

ஊசியைப் பிளக்கிலிருந்து பின்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் குண்டுமுனைக் கனெக்டர் ஒன்று. அதற்கு இந்தப் பக்கம் ஊசி வைத்தால் சிவப்பு, அந்தப் பக்கம் வைத்தால் கண்கூசும் வெளிச்சம். ரப்பர் உறையை உருவினார். உள்ளே பச்சைப் பொடி. செம்பு இழைகளில் இரண்டோ மூன்றோதான் பிடித்துக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. நுனியை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து அழுத்தியதோடு வேலை முடிந்தது. நான் வாங்கிய இரண்டு பல்புகளில் ஒன்று இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது.

நடந்ததன் கணக்கு இதுதான். டிஜிட்டல் மீட்டருக்கு உள்தடை ரொம்பப் பெரிது. மலிவானதில் ஒரு மெகா ஓம், நல்லதில் பத்து மெகா ஓம். வழியில் 5 ஓம் களிம்பு இருந்தாலும் அந்தப் பிரம்மாண்டத்துக்கு முன்னால் அது தூசு. மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் களிம்பில் வோல்ட் எதுவும் இறங்காது. முழு 12-ம் காட்டும். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் கேட்கிறது. 55 வாட் ஹெட்லைட் நாலரை ஆம்பியருக்கு மேல் கேட்கிறது, அதன் இழைத்தடை எரியும்போதே 2.6 ஓம்தான். நடுவில் 5 ஓம் குறுக்கே நின்றால் வரும் வோல்ட்டில் பாதி கூடத் தேறாது.

டெஸ்ட் பல்பு செய்வதில் இரண்டு விஷயம். ஊசியை ஒயர் உறையில் குத்தாதீர்கள். குத்தின ஓட்டை வழியாக அடுத்த ஐப்பசி மழை உள்ளே போய்க் களிம்பைத் தொடங்கிவைக்கும். மூட்டில், டெர்மினலில் மட்டும் வையுங்கள். வீட்டு எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் வைத்திருக்கும் நியான் டெஸ்டர் இங்கே உதவாது, 12 வோல்ட்டில் அது எரியவே எரியாது. பழைய 6 வோல்ட் புல்லட், ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்கள் பல்பையும் 6 வோல்ட்டில் வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி, ஏர்பேக் வைத்த பிற்காலத்து வண்டியில் இந்தப் பல்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே சென்சார் ஒயர்கள் ஒன்றேமுக்கால் ஆம்பியரைத் தாங்காது.

இவ்வளவு படித்ததும் மீட்டர் வேண்டாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இரண்டு வருஷம். அப்புறம் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மக்கர் செய்தது.

சாவி திருப்பினால் முனகல். பேட்டரி புதுசு. ஒரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் பரவாயில்லை, மறுபடி முனகல். இன்னொரு பட்டறையில் மறுபடியும் கழற்றினார்கள். நானும் என் பல்பை எடுத்துக்கொண்டு செல்ஃபின் தடித்த கேபிள் நுனியில் ஊசி வைத்தேன், பிரகாசமாக எரிந்தது. எஞ்சின் பிளாக்கில் கிளிப் போட்டும் பார்த்தேன். அதே பிரகாசம். எல்லாம் சரி என்று பல்பு சத்தியம் செய்தது.

காட்டிக்கொடுத்தது சோக். ஒரு காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தபடி நீளமாகச் செல்ஃப் அடித்தேன், கை சுட்டது. சோக் கேபிளின் உறை இளகி லேசாகப் புகை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸியையும் சேர்க்கும் எர்த் பட்டை அற்றுப்போனால் செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப்போக வேறு இரும்பைத் தேடும். அன்று அதற்குக் கிடைத்தது சோக் கேபிள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில், மற்றதை எஞ்சின் பிளாக்கின் பளிச்சென்ற இரும்பில் அழுத்தி, பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 3.2 வோல்ட். அங்கே 0.2 இருக்கலாம், போனால் போகிறதென்று 0.5 வரை பொறுக்கலாம். பேட்டரி கொடுத்ததில் 3 வோல்ட்டுக்கு மேல் எர்த்திலேயே கரைந்திருக்கிறது. பட்டை மாற்றினேன், செல்ஃப் சிட்டாகப் பறந்தது. இரண்டு பட்டறைக்குக் கொடுத்த காசைப் பற்றி வீட்டில் இதுவரை பேச்சு எடுக்கவில்லை.

பல்பு ஏன் தோற்றது? அது இழுப்பது 1.75 ஆம்பியர். எர்த்தில் இருந்த தடை 0.03 ஓம் அளவுதான் இருந்திருக்கும். பல்பின் கரண்டுக்கு அதில் இறங்குவது 0.05 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. நூறு ஆம்பியர் போனால் அதே தடையில் 3 வோல்ட். மீட்டரை ஓமில் வைத்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. மலிவு மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் தடை உண்டு; முள்ளோடு முள் சேர்த்துப் பாருங்கள், தெரியும்.

வண்டியின் சொந்தச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரை மூட்டின் குறுக்கே வைப்பது: எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்விட்சின் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவில் பாருங்கள். 0.2, 0.3-க்கு மேல் இருந்தால் ஸ்விட்ச் கரண்டைத் தின்கிறது. இதற்கு நாலாயிரம் ரூபாய் மீட்டர் வேண்டியதில்லை, என் 350 ரூபாய்ச் சாமான் போதும். ஆம்பியர் சோதனையில் மட்டும் ஜாக்கிரதை. 10 ஆம்பியர் ஓட்டையில் ஒயரைச் சொருகி வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் மீட்டருக்கு அன்றோடு கதை முடிந்தது. அதே ஒயரை மறந்துபோய்ப் பேட்டரியின் குறுக்கே வைத்தாலும் அதே கதிதான்.

மீட்டரைத் தவிர வேறெதனாலும் ஆகாத ஒன்று சார்ஜிங். ஓய்வில் நிறைந்த பேட்டரி 12.6 காட்டும், பாதி என்றால் 12.2, 11.9-க்கு வந்துவிட்டால் காலி. வண்டியை நிறுத்திய கையோடு பார்த்தால் பொய்யாக ஏறி நிற்கும். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி வைத்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வரை கொடுக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கும் வண்டிக்கு ஐட்லிங்கில் சார்ஜ் வராது, அது கோளாறு அல்ல. தெரியாமல், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் நல்ல கட் அவுட் ரிலேயைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

வோல்ட் சரியாக இருப்பதால் பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறது என்று ஆகாது. ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி பத்து நொடிக்குள் செல்ஃப் அடித்து மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகம். அதற்கு மேல் பேட்டரிக் கடைக்காரர் வேலை. ஹைட்ரோமீட்டரை உறிஞ்சி ஆறு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியைப் பார்ப்பார். ஐந்து 1.240-ல் நிற்க ஒன்று மட்டும் 1.150-ல் படுத்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. எத்தனை தடவை சார்ஜ் ஏற்றினாலும் வராது.

ஸ்கூட்டர்க்காரர்களுக்கு ஒரு வரி: பழைய சேட்டக் மாதிரி வண்டிகளில் ஹெட்லைட், எஞ்சின் சுழற்றும் மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏசியில் எரியும். டிசியில் மீட்டரை வைத்துப் பூஜ்யம் என்று பயப்படாதீர்கள்.

சாமான் மாற்றிப் பார்ப்பதை நான் பொதுவாக வெறுப்பவன். அது சோதனை கிடையாது, சூதாட்டம். பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சருக்கும் இக்னிஷன் காயிலுக்கும் மட்டும் விதிவிலக்கு. கண்டென்சர் 0.2 மைக்ரோஃபேரட் சுற்றி இருக்கும். மலிவு மீட்டரில் அதை அளக்க வழியில்லை. அளந்தாலும் பயன் குறைவு. காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலின் முதல் சுற்றில் (பிரைமரி) 200, 300 வோல்ட் எழும்பும். கண்டென்சர் கசிவது அந்த அழுத்தத்தில்தான். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியால் அந்த அழுத்தத்தைக் கொண்டுவர முடியாது. காயிலும் அப்படித்தான். குளிர்ந்திருக்கும்போது முதல் சுற்று 3 ஓம் சுத்தமாகக் காட்டும். ஆண்டிபட்டிக் கணவாயில் சித்திரை வெயிலில் ஏறும்போது உள்ளே சுற்று விரிந்து அறுந்து, அரைமணி ஆறினதும் ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற நல்ல காயில் ஒன்றை மாட்டி அதே மேட்டில் ஏறிப் பார்ப்பதே தீர்ப்பு. (அதே மேட்டில் பெட்ரோல் பம்பு சூடாகி ஆவி அடைத்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும். பம்பு மேல் ஈரத்துணி போடுவதற்கு முன்னால் எஞ்சினின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள்.) மாற்றுவதற்கு முன் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புதுசு வாங்கினாலும் பழைய, ஓடுகிற கண்டென்சரைத் தூக்கி எறியாதீர்கள். டப்பாவிலிருந்து எடுக்கும்போதே செத்துப்போனது எனக்கு இரண்டு கிடைத்திருக்கிறது.

பட்டறை எதற்கு என்றால், டைனமோவுக்கும் செல்ஃபுக்கும் உள்ளே சுழலும் ஆர்மெச்சருக்கு. மதுரை 1911-லிருந்து டிவிஎஸ் வளர்ந்த ஊர். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் டைனமோவையும் செல்ஃபையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. அந்தச் செக்கானூரணி ரோட்டு எலக்ட்ரீஷியனின் பட்டறையில் குரௌலர் என்று ஒரு சாமான் உண்டு. வி வடிவ இரும்புத் தகடுகளின் நடுவில் காயில் சுற்றியது. ஆர்மெச்சரை அதன் பள்ளத்தில் படுக்கவைத்து ஸ்விட்சைப் போட்டால் ஹ்ம்ம் என்று உறுமும். உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றை ஆர்மெச்சரின் மேல் லேசாகப் பிடித்தபடி அவர் மெதுவாகச் சுற்றுவார். நல்ல காயில்கள் கடக்கும்போது பிளேடு சும்மா இருக்கும். ஷார்ட் ஆன காயில் வந்ததும் டர்ர்ர் என்று விரலில் நடுங்கும். சுற்றோடு சுற்று ஒட்டியிருப்பதை மீட்டர் கண்டுபிடிக்காது, தடையில் மாற்றம் அவ்வளவு சின்னது. சில பட்டறைகளில் 230 வோல்ட் கரண்டில் வரிசையாகக் கோர்த்த பல்பு (சீரிஸ் லாம்ப்) வைத்து, ஆர்மெச்சரைச் சுற்றி நிற்கும் ஃபீல்டு காயில் பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதை அவர்களே பார்க்கட்டும், நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல அது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உசிலம்பட்டி போனபோது பல்பு, ஹோல்டர், கோணி ஊசி எல்லாம் தயாராக வைத்திருந்தார். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக் குமிழுக்கும் நடுவில் பல்பைக் கோர்த்தோம். வண்டி உறங்கினால் பல்பும் உறங்க வேண்டும். அது நன்றாகவே எரிந்தது.

"ரேடியோவா இருக்குமோ மச்சான்?"

ரேடியோ ஒயரை எடுத்தோம், எரிந்தது. ஹார்ன், உள்விளக்கு, ஃபியூஸ் ஒவ்வொன்றாக. எரிந்துகொண்டே இருந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றியதும் பட்டென்று அணைந்தது. டைனமோவை எடுத்துவிட்டுப் பின்னாளில் ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டி அது. ஆல்டர்னேட்டரை இறக்கி உசிலம்பட்டிப் பட்டறையில் பின்மூடியைப் பிரிக்கச் சொல்லி, மீட்டரை டையோடு ரேஞ்சில் வைத்தோம். நல்ல டையோடு ஒரு திசையில் 0.5, 0.6 காட்டி, மறுதிசையில் அடைக்கும். ஒன்று மட்டும் இரண்டு திசையிலும் பீப் அடித்தது. ராத்திரி முழுக்கப் பேட்டரி அது வழியாக வடிந்திருக்கிறது. மாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து காபி குடிக்கும்போது டையோடு எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். மாப்பிள்ளை திண்ணையில் இருந்த அவருடைய சித்தப்பாவைப் பார்த்தார். அவர் நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலை உருவி, வண்டி நிற்கவில்லை என்றால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று பார்ப்பது அந்தக் காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் தாறுமாறாக எகிறி டையோடை அடித்துவிடும்.

"சித்தப்பா, நீங்க இந்த வண்டியில டெர்மினலைக் கழட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்யா. எஞ்சின் நிக்கலையே. நல்லாத்தான் இருந்துச்சு."